சொல்லாய்வுத் திண்ணை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைக்கு அணித்தாகப் புதுக்கடை என்னும் ஊர் உளது. தென்னையும் வாழையும் இரப்பரும் நிழல் செய்யும் ஊர் அது. இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலத்தில், தமிழ் வழங்கும் மாநிலத்தோடு சேரவேண்டும் என்னும் கிளர்ச்சி மூண்டது. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இவ்வூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, மக்கள் உயிரிழந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அத்தகைய ஊரில், மூன்றெழுத்துச் சொல் ஒன்றின் பொருட்டு மூவர் ஒரு பிற்பகல் முழுதும் வழக்காடினர் என்றால், ஊரார் அதனைப் பெரிதும் வியவார்.

அம்மூவருள் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுபது வயதை அணுகியவர், இலக்கணத்தில் வல்லவர், தாம் கூறியதை மறுத்துரைக்கக் கேட்டுப் பழகாதவர். மற்றொருவர் தையற்காரர். சிறுவயதில் அவரிடம் பயின்றவர். ஐம்பது வயதைக் கடந்தும் ஆசிரியர் முன்னிலையில் கால்மேல் கால் இடமாட்டார். மூன்றாமவள் தையற்காரரின் தமையன் மகள். பதினோராம் வகுப்பு மாணவி. திங்களுக்கு ஒருநாள், சனிக்கிழமைப் பிற்பகலில், தையற்கடைத் திண்ணையில் இம்மூவரும் கூடுவர். திங்களிதழ் ஒன்றில் வெளிவரும் குறுக்கெழுத்துப் புதிரை நடுவில் வைத்துக்கொண்டு ஆராய்வர். கைப்பேசிகளை மேசை அறைக்குள் இட்டுப் பூட்டிய பின்னரே ஆராய்ச்சி தொடங்கும். அது தலைமையாசிரியர் இட்ட கட்டளை.

பிழையின்றி விடுத்தோரின் ஊர்ப்பெயர் அடுத்த இதழில் அச்சாகும். பரிசு என்பது அவ்வளவே. ஏழு திங்கள் இடைவிடாது ‘புதுக்கடை’ என்னும் பெயர் அவ்விதழில் வந்திருந்தது. தையற்காரர் அப்பக்கங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். துணி தைக்கக் கொடுக்க வருவோர் அளவு கொடுப்பதற்கு முன் அவற்றைப் படித்தாக வேண்டும்!

இக்குறுக்கெழுத்து, ‘தாமரைக்கு வேறு பெயர்’ என்று வினவி ‘கமலம்’ என்னும் விடையை எதிர்பார்க்கும் எளிய வகையினதன்று. இதன் குறிப்புகள் ஒன்றைச் சொல்வதுபோலத் தோன்றிப் பிறிதொன்றைச் சொல்லும். ஒரு குறிப்பினுள் இரு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருளைச் சுட்டும். மற்றொன்று விடைச்சொல் எவ்வாறு அமைந்தது என்பதைச் சுட்டும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதே மறைபொருள்.

‘நகரம் குழம்பினால் பாவிகள் சேரும் இடம்’ என்பது ஒரு குறிப்பு; விடை நான்கு எழுத்து. ‘நகரம்’ என்னும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘நரகம்’ கிடைக்கும். ‘விளக்குக்கு வேண்டியது பாதிரியாருக்குள் உண்டு’ என்பது மற்றொன்று. விடை இரண்டு எழுத்து. இங்கே எண்ணெயை எண்ணுவோரும் அருளை எண்ணுவோரும் ஒருங்கே ஏமாறுவர். பா, தி, ரி, யா, ர் என எழுத்துகளைத் தனித்தனியே பிரித்தால், நடுவில் ‘திரி’ ஒளிந்திருப்பது புலப்படும். ‘பாட்டு நீங்கிய பாரதம் தேராகும்’ என்றால், பாரதத்தினின்று ‘பா’வை நீக்குக, எஞ்சுவது ‘ரதம்’.

தமிழ் கற்றார்க்கு இவ்வித்தைகள் புதியன அல்ல. பிசி என்னும் புதிர்வகைக்குத் தொல்காப்பியர் செய்யுளியலிலேயே இடம் தந்துள்ளார். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள், ஒரு சொல்லோடு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புதுப்பொருள் காண்பது எழுத்து வருத்தனம். ஒவ்வொன்றாக நீக்கிக் காண்பது அக்கரச் சுதகம். ஒரு செய்யுளினுள் பிறிதொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் மாலைமாற்றிலேயே ஒரு பதிகம் முழுதும் பாடியுள்ளார். காளமேகப் புலவரின் சிலேடைகளை அறியாத தமிழர் அரியர். ஆகவே, கட்டம் மேனாட்டாருடையது. கரத்தல் இருவர்க்கும் பொது எனலாம்.

கட்டங்களில் எழுத்துகளை நிரப்பும் விளையாட்டு, 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் நாளிதழில் முதன்முதலாக வெளிவந்தது. அதனை அமைத்தவர் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரிற் பிறந்த ஆர்தர் வின் என்பவர். அஃது எளிய வகையே. மறைபொருள் வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. 1926ஆம் ஆண்டு முதல் ‘அப்சர்வர்’ இதழில் அதனை அமைத்த எட்வர்டு போவிஸ் மாத்தர்ஸ், ‘டார்க்கமாடா’ என்னும் புனைபெயர் பூண்டார். அஃது ஸ்பெயின் நாட்டில் மக்களை வருத்தி விசாரணை செய்த கொடிய தலைவன் ஒருவனின் பெயர். விடுப்போரை எத்துணை வருத்தக் கருதினார் என்பது அப்பெயராலேயே விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 சனவரியில், ‘டெயிலி டெலிகிராப்’ இதழின் புதிரைப் 12 நிமிடங்களுக்குள் விடுவிக்கும் போட்டி ஒன்று நடைபெற்றது. அதிற் கலந்துகொண்டோருள் சிலர், பகைவரின் மறைமொழிகளை ஆராயும் பிளெச்சிலிப் பூங்கா நிலையத்துப் பணிக்குப் பின்னர் அழைக்கப்பெற்றனர். நம் நாட்டிலோ, செங்கற்பட்டிற் பிறந்து, இந்தியக் கடற்படைக்குத் தலைமை பூண்ட முதல் இந்தியரான அட்மிரல் இராம்தாசு கட்டாரி, தாம் ஓய்வு பெற்ற பின்னர் ‘இந்து’ ஆங்கில நாளிதழுக்கு இத்தகைய புதிர்களை அமைத்துத் தந்தார். கப்பல் செலுத்திய கை கட்டங்களையும் செலுத்தியது.

இவர்கள் எல்லாரினும் ஈண்டுக் கருதத்தக்கவர் வெல்சு என்னும் ஊரில் தலைமையாசிரியராக இருந்த ரிச்சி. ‘அஃப்ரிட்’ என்று, அரபுக் கதைகளில் வரும் பூதத்தின் பெயரைப் புனைந்துகொண்டவர். புதிர் அமைப்போர்க்கு ஒரு நெறியை அவர் 1949இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். புதிர் அமைப்பவர் தாம் சொல்வதைக் கருதாதிருக்கலாம். ஆயினும் தாம் கருதுவதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அந்நெறியின் கருத்து. கேட்போரை ஏமாற்றலாம், பொய் கூறலாகாது. புதுக்கடைத் தலைமையாசிரியர் இதனைத் தம் முறையில், “குறிப்பில் ஓரெழுத்தும் வீணாக நில்லாது” என்று அடிக்கடி கூறுவார். அன்று அவருக்கு எதிராக நின்றது அக்கூற்றே.

அன்றைய புதிரில் மேலிருந்து கீழாக 3ஆம் எண்ணின் குறிப்பு, ‘கழுத்தில் விழும் பொழுது’ என்பது, இரண்டு எழுத்து. தையற்காரர் நூலைப் பல்லாற் கடித்துக்கொண்டே, “மாலை” என்றார். கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. அதன் ‘லை’ என்னும் எழுத்து, இடமிருந்து வலமாகச் செல்லும் 5ஆம் சொல்லின் மூன்றாம் எழுத்தாக அமைந்தது. அந்த 5ஆம் எண்ணின் குறிப்பு வருமாறு: ‘மீனவன் நம்பியதை வறுத்துக் கொறிக்கலாம்’, மூன்று எழுத்து.

தலைமையாசிரியர் நொடியும் தாழ்க்கவில்லை. “மீனவன் நம்புவது மீன். வறுப்பதும் மீன். மூன்றெழுத்து, ‘லை’யில் முடிகிறது. வேறென்ன, அயிலை!” என்று கூறிப் பேனாவைத் திறந்து மையால் எழுதினார். அயிலை அக்கடற்கரையில் நாள்தோறும் விலையாகும் மீன். தையற்காரர் தலையசைத்தார். மாணவி கட்டத்தையே நோக்கிக்கொண்டிருந்தாள்.

தமிழ்க் குறுக்கெழுத்தில் ஓரெழுத்துத் தெரிந்துவிட்டால் அது வலிய சான்று. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துள் நிற்பது 26 எழுத்துகளில் ஒன்று. தமிழிலோ 247இல் ஒன்று. ‘லை’ என்னும் எழுத்து மெய்யையும் உயிரையும் ஒருங்கே காட்டிவிடுகிறது. அதனாலேயே அதன்மேல் ஐயம் எழுவதும் அரிது. சான்று மெய்யாக இருக்க, அதனைக் கொண்டு செய்த முடிவு பொய்யாக இருத்தலும் கூடும் என்பதை அத்திண்ணை சிறிது நேரம் மறந்துவிட்டது.

அதே 5ஆம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் சென்றது. ‘குரங்கும் மாதமும் சேர்ந்தால் பாட்டு’ என்பது அதன் குறிப்பு. அதுவும் மூன்று எழுத்து. அயிலையின் முதலெழுத்து அதற்கும் முதலெழுத்தாயிற்று. ஆகவே ‘அ’வில் தொடங்கும் பாட்டு ஒன்று வேண்டும்.

“அகவல்” என்றார் தலைமையாசிரியர். எண்ணினால் நான்கெழுத்து. “அந்தாதி” என்றார், அதுவும் நான்கு. “அம்மானை” என்றார், அதுவும் நான்கு. தமிழ்ப் பாட்டுவகைகள் எல்லாம் சூழ்ச்சி செய்து நான்கெழுத்தாய் நின்றன போலும்! மணி மூன்றரை ஆயிற்று, நான்கும் ஆயிற்று. ஐந்து மணிக்கு வரும் பேருந்தில் தையற்காரர் மார்த்தாண்டம் சென்று விடைத்தாளைத் தபாலிற் சேர்க்கவேண்டும். புதிரின் பிற பகுதிகள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. அம்மூலை மட்டும் திறக்கவில்லை. இறுதியில் தலைமையாசிரியர், “அச்சுப் பிழை! நான்கு என்பதை மூன்று என்று அச்சிட்டுவிட்டார்கள். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும்” என்றார். கடிதத்தின் முதல் வரியையும் வாய்மொழியாக உரைக்கத் தொடங்கினார்.

அப்போது மாணவி, “சார், 5 இடமிருந்து வலத்தை இன்னொரு முறை பார்க்கலாமா?” என்று கேட்டாள்.

“அதுதான் முடிந்துவிட்டதே, மக்களே” என்றார் அவர். சிறாரை ‘மக்களே’ என்று விளிப்பது அந்நாட்டு வழக்கு. எதிரில் நிற்பவர் ஒருவரே ஆயினும் பன்மைதான்.

“அயிலையை யாராவது கொறிப்பார்களா, சார்?”

தையற்காரர் நகைத்தார். தலைமையாசிரியர் நகைக்கவில்லை. “கொறித்தலும் உண்டல்தானே. புதிரில் அத்துணை நுணுக்கம் பார்த்தல் ஆகாது” என்றார்.

“குறிப்பில் ஓரெழுத்தும் வீணாக நில்லாது என்று நீங்கள்தாம் சொல்வீர்கள். இங்கே ‘நம்பியது’ என்று இல்லை. ‘நம்பியதை’ என்று இருக்கிறது.”

அவர் முகம் சிறிது சிவந்தது. “அஃது இரண்டாம் வேற்றுமை உருபு. வறுத்து என்னும் வினை செயப்படுபொருளை வேண்டுகிறது, அதனால் வந்தது. எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பாய்.”

“படித்தேன், சார். மீனவன் நம்பியது அயிலை என்றால், நம்பியதை என்பது அயிலையை என்று ஆகும். அது நான்கெழுத்து. விடைக்கும் உருபு வேண்டாவா?”

திண்ணையில் எவரும் பேசவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. தையற்காரர் எழுந்து வந்து, தயங்கித் தயங்கிக் கூறினார்: “சார், நான் பல மீனவர்க்குச் சட்டை தைக்கிறேன். அவர்கள் மீனை நம்புவதாக ஒருநாளும் சொன்னதில்லை. மீன் ஒருநாள் கிடைக்கும். பத்து நாள் கிடைக்காது. அவர்கள் நம்புவது...”

அவர் முடிப்பதற்குள் தலைமையாசிரியரின் உதடுகள் அசைந்தன. கடல். நம்பியதை என்றால், கடலை. வறுத்துக் கொறிப்பதும் கடலை. மூன்றெழுத்து, ‘லை’யில் முடிகிறது. அவர் அச்சொல்லை ஒருமுறை மெல்லவும், மறுமுறை உரக்கவும் சொல்லிப் பார்த்தார்.

“இதனை நீ எப்பொழுது கண்டாய்?” என்று வினவினார்.

“மூன்று மணி இருக்கும், சார்.”

சுவர்க் கடிகாரம் நான்கரை காட்டியது. “ஒன்றரை மணி நேரம் ஏன் வாய் திறவாதிருந்தாய்?”

மாணவி தன் சித்தப்பாவை ஒருமுறை பார்த்தாள். பின்னர்த் தாளைப் பார்த்தாள். “நீங்கள் மையால் எழுதிவிட்டீர்கள், சார்” என்றாள்.

அவர் மறுமொழி கூறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். “தம்பி, உன் பென்சிலைக் கொடு” என்று தையற்காரரிடம் கேட்டார். ‘அ’ என்னும் எழுத்தை அடித்து, அதன் அருகே இருந்த சிறு வெள்ளிடத்தில் ‘க’ என்று எழுதினார். எழுதிய கை எடுக்குமுன்பே, “அட!” என்றார்.

மற்ற இருவரும் விழித்தனர். இம்முறை விளங்கியது அவர் ஒருவருக்கே. “குரங்கு, மாதம், பாட்டு! கவி என்றால் குரங்கு. தை என்றால் மாதம். கவிதை!”

“கவி என்றால் புலவர் அல்லவா, சார்?” என்றாள் மாணவி.

“புலவரும் ஆம், குரங்கும் ஆம். வடமொழியில் கபி என்பது தமிழில் கவி என்று வரும். கம்பர் வானரரை அச்சொல்லாற் குறிப்பதுண்டு. இராமாயணம் படிக்கும்போது காட்டுகிறேன்” என்றார். முதலெழுத்து ‘அ’ என்று நின்ற வரையில், எத்தனையோ முறை தாம் வகுப்பிற் சொல்லிக்கொடுத்த அச்சொல் அவர் நினைவுக்கு வரவேயில்லை. மாணவிக்கோ ‘க’ முன்னரே தெரிந்திருந்தும், கவியின் அப்பொருள் தெரியாது. அவள் அதனைத் தன் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பேருந்து வருவதற்குக் காற்பங்கு நாழிகையே இருந்தது. எஞ்சிய இரண்டு குறிப்புகள் தென்கிழக்கு மூலையில் இருந்தன. ஒன்று, ‘படி திரும்பினால் ஈசனே’, இரண்டெழுத்து. படி என்பது வாசி. வாசியைத் திருப்பினால் சிவா. மூவரும் ஒரே குரலில் “வாசி” என்றனர். மாணவி பென்சிலால் எழுதினாள். மற்றொன்று, அதன் முதலெழுத்திலிருந்தே கீழிறங்கும் நான்கெழுத்துச் சொல்: ‘விலங்கரசன் தலையும் கையும் மலையுச்சியில்’. ‘வா’வில் தொடங்கும் மலையுச்சி எதுவென்று சிறிது தேடினர். பேருந்தின் ஒலி கேட்டது. கட்டங்களை வெறுமையாக விடலாகாது என்று, தலைமையாசிரியர் ஏதோ ஒரு சொல்லை ஒருவாறு இட்டு நிரப்பினார். தையற்காரர் தாளை உறையிலிட்டு ஓடினார்.

அடுத்த திங்கள் இதழ் வந்தது. பிழையின்றி விடுத்தோரின் ஊர்ப்பெயர்களில் புதுக்கடை இல்லை. தையற்காரர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இருமுறை படித்தார். கடலையும் கவிதையும் சரியாகவே இருந்தன. வாசி என்று எழுதிய இடத்தில் விடை ‘சிவா’ என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே ‘சிகரம்’. விலங்கரசன் சிங்கம், அதன் தலை ‘சி’, கை கரம்.

தலைமையாசிரியர் பழைய குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார்: “படி திரும்பினால் ஈசனே. திரும்பினால் அல்லவா ஈசன்? நாம் திரும்பாமலே நின்றுவிட்டோம். ‘ஈசன்’ என்றும் போடவில்லை. ‘ஈசனே’ என்று விளித்திருக்கிறான். சிவன் என்பதன் விளி சிவா. முன்னே இரண்டாம் வேற்றுமையிற் பிடித்தான். இங்கே எட்டாம் வேற்றுமையிற் பிடித்துவிட்டான்!”

“கீழே இருந்த சொல் வரவில்லை என்றபோதே நாம் மேலே பார்த்திருக்கவேண்டும்” என்றாள் மாணவி.

தையற்காரர் சுவரில் ஒட்டியிருந்த ஏழு தாள்களையும் அவற்றின் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார். “இந்த ‘வாசி’யை யார் மையால் எழுதியது?” என்று கேட்டார்.

“யாரும் இல்லை, சித்தப்பா. பென்சில்தான்” என்றாள் அவள். தலைமையாசிரியர் புதிய இதழின் புதிரைப் பிரித்துத் திண்ணைமேல் வைத்தார்.